வளவுக்குள் வைத்த நிழல் பனைகள் கருகுகின்றன, யாராவது வழி சொல்லுங்கள்

பள்ளத்தூர்ப் பேரன் | மே 14

எல்லோருக்கும் வணக்கம். செடி விஷயத்தில் நான் கத்துக்குட்டி, கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் அப்பத்தா மட்டும் இருந்தார். போன வருஷத்திலிருந்து சென்னை வேலையை இங்கிருந்தே பார்க்கிறேன் என்று சொல்லி நானும் வந்துவிட்டேன். வளவை (வீட்டு நடுவில் வானம் திறந்த முற்றம்) சுற்றி நாலு பத்தியும் (தாழ்வாரம்) காலியாகக் கிடக்கிறதே, பச்சையாக ஏதாவது வைக்கலாம் என்று தை மாதம் ஒரு நர்சரிக்குப் போய் நிழலில் வளரும் பாம் கேட்டேன். மூன்று டேபிள் பாம், மூன்று ரேபிஸ் பாம், இரண்டு அரிக்கா பாம் கொடுத்தார்கள். (ரேபிஸ் என்று சொன்னதும் அப்பத்தா, "நாய் கடிச்சா வருமே, அதையா காசு குடுத்து வாங்கியாந்த?" என்றார். அதோடு வீட்டுக்குள் பனை வைப்பார்களா என்று இன்னொரு வழக்கு, அது தனிக் கதை.)

எட்டையும் மண்தொட்டிக்கு மாற்றித் தெற்குப் பத்தியில் இரண்டு வரிசையாக வைத்தேன். தை, மாசி முழுக்க அங்கே ஒரு பொட்டு வெயில்கூட விழவில்லை, அதனால்தான் அந்த இடம். பங்குனி வரை நன்றாக இருந்தன. இப்போது எல்லாத் தொட்டியிலும் இலை நுனி தீயில் காட்டிய காகிதம் மாதிரி கருகி வருகிறது. சிலவற்றில் மட்டும் இலை நடுவில் வெளுத்த திட்டுகள், தொட்டால் சருகு. தினமும் காலையில் தொட்டிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். கடையில் விசாரித்தபோது சத்துக் குறைவு என்று ஒரு பொடி கொடுத்தார்கள், போட்ட பிறகு இன்னும் மோசம்.

தொட்டி வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, அது பூஞ்சையா? ஒவ்வொரு தொட்டியின் கீழேயும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் வட்டமாக வெள்ளைக் கறை வேறு. அப்பத்தா பார்ப்பதற்குள் அதற்கும் ஒரு வழி வேண்டும்.


தேவகோட்டைத் தோட்டக்காரி | மே 14

தம்பி, அந்த வெள்ளை பூஞ்சை இல்லை. உப்பு. தொட்டிச் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் அங்கேயே தங்கிவிடும். வெளியே இவ்வளவு என்றால் உள்ளே வேரைச் சுற்றி எவ்வளவு இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலைமையில் உரப் பொடி போட்டது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய கதைதான். உரமும் ஒரு உப்புத்தானே.

என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று மட்டும் எழுதவே இல்லை. முதலில் அதைச் சொல்லுங்கள்.


பள்ளத்தூர்ப் பேரன் | மே 14

அக்கா, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீர்தான். வீணாகப் போகிறதே என்று வாளியில் பிடித்து ஊற்றினேன். நல்ல காரியம் செய்வதாக நினைப்பு.


தேவகோட்டைத் தோட்டக்காரி | மே 15

நினைத்தேன். நானும் இதே வேலையைச் செய்து நாலு ரேபிஸைக் கொன்றவள்தான், அதனால் திட்ட மாட்டேன்.

குடிக்கிற தண்ணீரில் இருக்கக் கூடாது என்று மெஷின் பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது. போர் தண்ணீரே நம் பக்கம் பல இடத்தில் கடினம், கழிவு அதைவிடக் கூடுதல். வாசல் கழுவலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். இந்தப் பனைகளுக்கு வேண்டாம். டேபிள் பாம் மெக்ஸிகோ, குவாத்தமாலா பக்கத்து மழைக்காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்கிற செடி. மேலே இலையில் வடிகட்டி விழுகிற மழைத் தண்ணீரும் மக்கிய சருகும்தான் அதற்குத் தெரியும். உப்பு அதற்கு ஆகாது, வேர் உறிஞ்சிய உப்பு இலையின் கடைசி நுனி வரை போய்ச் சேர்ந்து அங்கே கருகும். நுனி முதலில் கருகுவது அதனால்தான்.

இப்போது செய்ய வேண்டியது. உரத்தை நிறுத்துங்கள். தொட்டியைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போய், உப்பில்லாத தண்ணீரை மெதுவாக, தொட்டி கொள்ளும் அளவைப்போல் மூன்று நாலு மடங்கு, அடித்துளை வழியாக ஓடி வரும்படி ஊற்றுங்கள். மேலே படிந்திருக்கிற வெள்ளை மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எறிந்துவிட்டுப் பிறகு ஊற்றினால் இன்னும் நல்லது. உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். ராத்திரி ஏசி ஓடுகிற வீடாக இருந்தால் குழாயின் கீழே ஒரு வாளி வையுங்கள், காற்றிலிருந்து இறங்குகிற தண்ணீர், உப்பே இருக்காது. கோடை மழை வந்தால் விடாதீர்கள். வளவு வைத்த வீட்டில் இருந்துகொண்டு மழைத் தண்ணீருக்கு யோசிக்கலாமா? நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் உள்ளே இறங்கட்டும் என்றுதானே அந்தக் காலத்தில் கட்டினார்கள். 100 சதுர அடி ஓட்டில் 1 செ.மீ. மழை பெய்தால் 90 லிட்டருக்குக் குறையாது. முதல் பத்து நிமிஷம் தூசியோடு ஓடவிட்டுப் பிறகு டிரம்மில் பிடித்து, கொசு போகாமல் வலைத்துணி கட்டிவிடுங்கள்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. பார்க்கச் சகிக்கவில்லை என்றால் கத்தரியால் வெட்டலாம், ஆனால் பச்சையைத் தொடாமல் பழுப்பில் நூல் அளவு விட்டு வெட்டுங்கள். பச்சையில் வெட்டினால் வெட்டிய இடம் மறுபடி கருகும். கீழ் இலை மஞ்சளாகிறது என்று மொத்தமாக வெட்டவும் வேண்டாம், பனை வகைகள் கிழட்டு இலையிலிருந்து சாம்பல் சத்தை (பொட்டாசியம்) எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். முழுக்கக் காய்ந்த பிறகு எடுத்தால் போதும்.

கல் கறை: தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள், சின்ன முக்காலி போட்டு வையுங்கள். கறைக்கு ஆசிட் ஊற்றச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், ஆத்தங்குடிக் கல் சிமெண்ட், மேல் நிறம் போய்விடும். ஈரத்துணி, அப்புறம் தேங்காய் எண்ணெய் தொட்ட துணி, பொறுமை.


செம்மண் வாத்தியார் | மே 15

நுனிக்கு உப்புக் காரணம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இலை நடுவில் வெளுத்த திட்டு உப்பால் வராது. அது வெயில். பேரனிடம் ஒரு கேள்வி, அந்தத் திட்டு முற்றத்தை ஒட்டிய வரிசையில் மட்டும்தானே?


பள்ளத்தூர்ப் பேரன் | மே 15

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஆமாம் சார்! வெளி வரிசை நாலிலும் இருக்கிறது, சுவரோரத்து நாலில் நுனி கருகல் மட்டும்தான். ஆனால் அங்கே வெயிலே வராதே?


செம்மண் வாத்தியார் | மே 15

தையில் வராது. இப்போது வரும். முப்பது வருஷம் புவியியல் நடத்தியவன், இதைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்று சந்தோஷமாக எழுதுகிறேன்.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருக்கிறது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அதனால் வெயில் வடக்குப் பத்திக்குள் நுழையும். டிசம்பர் கடைசியில் நடுப்பகலில், ஓட்டு விளிம்பு பத்தடி உயரம் என்றால் ஆறரை அடி வரை உள்ளே வரும். தெற்குப் பத்தி அப்போது முழு நிழல். நீங்கள் அதைப் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கிறீர்கள். ஏப்ரல் நடுவில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டு அப்படியே வடக்கே தாண்டிப் போகும், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி நம்மைக் கடந்து தெற்கே வரும். இடைப்பட்ட நாலு மாதமும் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும், அதாவது உங்கள் தெற்குப் பத்தியின் விளிம்பில். இன்றைக்கு ஒன்றரை அடி, ஜூனில் இரண்டரை அடி. கேட்டால் சின்னது, ஆனால் அது பன்னிரண்டு மணி கத்திரி வெயில். வெளி வரிசைத் தொட்டிகள் சரியாக அந்த ஒன்றரை அடிக்குள் உட்கார்ந்திருக்கும், நாளைக்கு மதியம் ஒரு சாக்பீஸ் எடுத்துக் கோடு போட்டுப் பாருங்கள்.

சித்திரையிலிருந்து ஆவணி வரை தொட்டிகளை மூன்றடி உள்ளே தள்ளிவிடுங்கள். கார்த்திகையில் விளிம்புக்கே கொண்டுவரலாம், அப்போது அங்கே வெளிச்சம்தான் இருக்கும், வெயில் இருக்காது. கிழக்கு, மேற்குப் பத்திகளில் காலையும் மாலையும் சாய்வாக வெயில் நுழையும். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் தாங்கும், மாலை வெயில் ஆகாது.

அரிக்கா இரண்டையும் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அது மடகாஸ்கர் செடி, பெயர்தான் அரிக்காவே தவிர நம் வெற்றிலைத் தட்டுக்கு வருகிற பாக்கு மரம் வேறு. நிழலில் சாகாது, ஆனால் வெளிச்சம் போதாமல் நீண்டு துவண்டு நிற்கும். பத்துப் பதினைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வெளிச்சமான இடத்துக்குப் பழக்குங்கள்.


ஊருணிக்கரை | மே 16

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஊருணியே வற்றிக் கிடக்கிற ஊரில் மெக்ஸிகோ செடிக்கு ஏசி தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டுமா? பனைதான் வேண்டும் என்றால் நம் கூந்தல்பனை இருக்கிறதே, சின்னதில் நிழலும் தாங்கும். ஒரு கன்று வைத்தால் முடிந்தது.


தேவகோட்டைத் தோட்டக்காரி | மே 16

அண்ணே, கூந்தல்பனை ஓட்டைப் பிளந்துகொண்டு போகிற மரம், அதை வளவுக்குள் வைக்கச் சொல்கிறீர்களா? பழச்சாறு பட்டால் கை அரித்துத் தொலைக்கும். பூக்க ஆரம்பித்துவிட்டால் உச்சியிலிருந்து கீழ்வரை குலை தள்ளி முடித்துவிட்டுச் செத்தும் போகும், பிறகு வெட்டி எடுக்கக் கிரேன் வர வேண்டும். கண்மாய்க்கரைக்கு நல்ல மரம், ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். நிழலில் இருக்கிற தொட்டி தினமும் கேட்காது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும். வைகாசியில் மூன்று நாளுக்கு ஒரு முறை, மழை நாளில் வாரம் ஒரு முறை. எட்டுத் தொட்டிக்கு ஆகிற தண்ணீரில் ஒரு கார்கூடக் கழுவ முடியாது. பேரன் செய்தது போல் தினம் ஒரு செம்பு ஊற்றினால்தான் இரட்டை நஷ்டம், மேல் மண் மட்டும் நனையும், உப்பு கீழே இறங்கி வெளியேறாது.


ஊருணிக்கரை | மே 16

சரி, கூந்தல்பனையை வாபஸ் வாங்குகிறேன். அப்படியானால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பனைகள் வைக்கலாமே, அதுவாவது நம் நாட்டுச் செடி.


ஆத்தங்குடி அடுப்படி | மே 17

அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. நண்பர் ஒருவர் கேரளத்தில் ஒரு நாற்றங்காலில் வளர்த்த காட்டுக்கமுகுக் கன்று இரண்டு கொடுத்தார், பினாங்கா டிக்ஸோனி என்பார்கள். மெல்லிய பச்சைத் தண்டு, மூங்கில் மாதிரிக் கணு, பார்க்க அவ்வளவு அழகு. மழைக்காட்டு ஓடையோரத்தில் வளர்கிற ஜாதி. ஐப்பசியில் வந்தது, தை வரை என்னைப் பார்த்துச் சிரித்தது, பங்குனிக் காற்றில் இரண்டும் போய்விட்டன. அதற்கு வேண்டியது காற்றில் ஈரம், நம் பகலில் அது எங்கே இருக்கிறது? உதட்டுக்கே வெண்ணெய் தடவுகிற ஊர். காட்டிலிருந்து பிடுங்கி விற்கிறவர்களும் உண்டு, அவர்களிடம் வாங்காதீர்கள்.

விசிறிப் பனை என்று வட்டமாக மடிப்பு மடிப்பாக இலை விரிக்குமே, லிக்குவாலா கிராண்டிஸ், வனுவாட்டுத் தீவுக்காரி, அதற்கும் இதே கதைதான். நர்சரியில் பார்த்ததும் கை நீளும். ஒரே ஒரு மேல்காற்று போதும், விளிம்பு நார் நாராகக் கிழிந்துவிடும். வளவின் மூலையில், நாலு பக்கமும் அடைப்பாக, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடத்தில் ஒன்று வைத்திருக்கிறேன், மூன்று வருஷத்தில் மொத்தமே ஆறு இலை.

நம் ஊருக்கு என் ஓட்டு ரேபிஸுக்குத்தான். சீனத்துத் தெற்கிலிருந்து ஜப்பான் போய் அங்கே தொட்டியிலேயே பரம்பரையாக வளர்ந்த செடி, அதனால் தொட்டி வாழ்க்கை பழகியது. மெதுவாக வளரும், கோபித்துக்கொள்ளாது. தொட்டியில் மட்டுமல்ல, வீட்டுக்குப் பின்னால் மாமரத்து நிழலில் தரையிலேயே ஆறு தூர் வைத்து ஏழு வருஷமாகிறது. குழியை இரண்டடி ஆழம் எடுத்து, அடியில் தேங்காய் மட்டையைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்க அடுக்கி, செம்மண்ணோடு மட்கிய எருவும் மணலும் கலந்து நட்டேன். மட்டை ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை கரையான். மேலே சருகு மூடாக்குப் போட்டால் தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் சருகில் ஏறியது தண்டுக்கும் ஏறும்.

இன்னொன்று, இதைப் பழைய வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டும். இடிந்த சுவர்க் காரை கொட்டிய இடத்தில் நட்டால் குருத்து இலை வெளிறியே வரும். நம் வீட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்பு, அது மண்ணில் கலந்தால் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. எனக்கு ஒரு தூர் அப்படி நின்றது, பிடுங்கிப் பார்த்தால் கீழே முழுக்கக் காரைக்கட்டி. மண் சந்தேகமாக இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

பேரன், தொட்டி மண் என்ன கலவை என்று சொல்லவில்லையே? கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) போட்டிருந்தால் அதைக் கழுவிப் போட்டீர்களா?


பள்ளத்தூர்ப் பேரன் | மே 17

செம்மண் பாதி, கோகோபீட் பாதி. கழுவ வேண்டும் என்றே தெரியாது. வாத்தியார் சொன்ன சாக்பீஸ் கோடு போட்டாயிற்று, வெளி வரிசை முழுக்கக் கோட்டுக்கு அந்தப் பக்கம்! ஆர்ஓ சர்வீஸ் செய்ய வந்தவரிடம் தண்ணீரில் உப்பு அளக்கிற மீட்டர் இருந்தது, போர் தண்ணீர் 1150 காட்டியது, கழிவு 1700, ஏசி வாளி 20. மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பத்தா, "இருபதா, அப்ப இதைக் குடிக்கலாமா?" என்றார். குடிக்கக் கூடாது என்று புரியவைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

டேபிள் பாம் ஒரு தொட்டியில் எண்ணினால் 14 தண்டு இருக்கிறது. நெருக்கமாக இருக்கிறதே, பிரித்து வைக்கட்டுமா?


ஆத்தங்குடி அடுப்படி | மே 17

வேண்டாம். அது ஒரு செடி இல்லை, பார்க்கப் புதராக இருக்கட்டும் என்று நாற்றைக் கூட்டமாக வைத்து விற்கிறார்கள். வேர் பின்னிக் கிடக்கும், பிரித்தால் பாதி போகும். வலுவில்லாதது தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு தண்டுக்கும் உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான், உயரத்தைக் குறைக்கிறேன் என்று அதை வெட்டினால் அந்தத் தண்டு அத்தோடு முடிந்தது. உங்களிடம் இருப்பதில் ரேபிஸும் அரிக்காவும்தான் அடியிலிருந்து பக்கக்கன்று விடும்.

இலைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். தாளில் மிளகாய்ப்பொடி மாதிரி விழுந்த புள்ளி நகர்ந்தால் அது செஞ்சிலந்தி, காய்ந்த காற்றில் டேபிள் பாமுக்கு அதுதான் எமன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம், வெயில் தாழ்ந்த பிறகு. கழுவாத கோகோபீட்டிலும் உப்பு இருக்கும், மே மாதம் மண் மாற்ற வேண்டாம், மழை தொடங்கட்டும். அப்போது கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, உமிக்கரியும் மண்புழு உரமும் சேர்த்துப் போடுங்கள்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று நர்சரியில் சொல்லி விற்றிருந்தால் அதை மட்டும் மறந்துவிடுங்கள். அது 1989 நாசா ஆய்வை வைத்துச் சொல்வது, அங்கே காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்துச் சோதித்தார்கள். உங்கள் வளவுக்கு மேலே வானமே திறந்து கிடக்கிறது.


பள்ளத்தூர்ப் பேரன் | நவம்பர் 9

ஆறு மாதம் கழித்து வருகிறேன், திட்டாதீர்கள். டேபிள் பாமில் ஒரு தொட்டி போய்விட்டது, தாளில் தட்டியபோது புள்ளி நகர்ந்தது, நான்தான் வேப்பெண்ணெயை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். மற்ற ஏழும் உயிரோடு இருக்கின்றன. ஆவணி மழைக்கு ஓட்டுத் தண்ணீர் இரண்டு டிரம் பிடித்தோம், அதிலிருந்து புது இலை எதுவும் நுனி கருகவில்லை. பழைய கருகல் இலைக்குப் பக்கத்தில் புதுக்குருத்து விசிறி மாதிரி விரிந்திருக்கிறது, படம் எடுத்தால் இரண்டும் வேறு வேறு செடி என்பார்கள். வெள்ளைக் கறையில் பாதி போயிற்று, மீதியின் மேல் முக்காலி நிற்கிறது.

அப்பத்தா இப்போது தினமும் விரல் விட்டுப் பார்க்கிறார். நேற்று வந்த பக்கத்து வீட்டு ஆச்சியிடம், "இது ரேபிஸு, தொட்டா ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ரேபிஸில் பக்கக்கன்று இரண்டு வந்திருக்கிறது, விரல் நீளம். அந்த ஆச்சி ஒன்று கேட்கிறார், இப்போதே பிரித்துக் கொடுக்கலாமா?


தேவகோட்டைத் தோட்டக்காரி | நவம்பர் 9

கூடாது தம்பி. கன்றுக்குச் சொந்தமாக வேர் ஓடி, மூன்று நாலு இலை விரியட்டும், அடுத்த மழைக்காலத்தில் பார்க்கலாம். ஆச்சிக்கு அவசரம் என்றால் அரிக்காவில் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், அதற்கும் வெளிச்சம் கிடைக்கும்.